கோல்ஃப் தெரியாதவர் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு நாள் சுற்றுவது எப்படி?

முதல் தடவை நான் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸுக்குப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. கோல்ஃபின் தாய்வீடு என்று ஊரே கொண்டாடும் ஓல்டு கோர்ஸின் ஓரத்தில் நின்று, யார் யாரோ பந்தடிப்பதை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் தடவை போனது ஞாயிற்றுக்கிழமை. அதே மைதானத்தின் நட்ட நடுவில் நாய்களும் குழந்தைகளும் ஓடிக்கொண்டிருந்தன. நானும் புல்லில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டேன். மட்டையைத் தொட்டே பார்க்காதவர்களுக்காக அந்த இரண்டாம் பயணத்தின் வழிமுறையைச் சொல்கிறேன்.

படி 1: ஞாயிற்றுக்கிழமையைப் பிடியுங்கள்

ஞாயிறு ஓல்டு கோர்ஸில் ஆட்டம் கிடையாது. பெரிய போட்டிகள் நடக்கும் வாரங்கள் மட்டும் விலக்கு. அதனால் கிளம்பும் முன் மைதானத்தின் இணையதளத்தில் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற ஞாயிறுகளில் அது ஊர்ப் பூங்காதான். யாரும் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்த சலுகை என்று நினைக்க வேண்டாம். அந்தப் புல்வெளி காலங்காலமாக ஊர்ப் பொதுநிலம். 1552-இல் பேராயர் ஜான் ஹாமில்டன் அங்கே முயல் வளர்க்க அனுமதி கேட்டபோது, ஊர்மக்கள் அதில் கோல்ஃபும் கால்பந்தும் ஆடலாம் என்ற உரிமையையும் சேர்த்தே எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது.

ஞாயிறு ஓய்வு எதற்கு? பத்தொன்பதாம் நூற்றாண்டில் மைதானத்தைப் பராமரித்த டாம் மோரிஸ், ஆடுகிறவர்களுக்கு ஓய்வு வேண்டாம் என்றாலும் புல்லுக்கு வேண்டும் என்பாராம். அவரைக் கடைசியில் போய்ப் பார்க்கப்போகிறோம்.

படி 2: லூக்கர்ஸில் இறங்குங்கள்

ஊருக்குள் ரயில் வராது. 1969-இல் பாதையை மூடிவிட்டார்கள். எடின்பரோவிலிருந்து வடக்கே போகும் ரயிலில் லூக்கர்ஸ் நிலையத்துக்குச் சீட்டு எடுங்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம். வலப்பக்க ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள்: 1890-இல் திறந்த ஃபோர்த் பாலத்தைத் தாண்டியதும் கொஞ்ச தூரத்துக்குக் கடல் கூடவே வரும். நிலையத்திலிருந்து 99-ஆம் எண் பேருந்து ஊருக்குள் கொண்டுபோய்விடும். ஜூலையானாலும் காற்றுத் தாங்கும் மேலங்கி அவசியம். குடை எடுத்துப் போகாதீர்கள், கடற்காற்றில் இரண்டே நிமிடத்தில் கவிழ்ந்துவிடும்.

படி 3: மைதானத்தை வாசித்துக்கொண்டே நடங்கள்

பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் மைதானம். சாம்பல் நிறக் கல் கட்டடம் ஒன்று முதலில் கண்ணில் படும். அது ராயல் அண்டு ஏன்ஷியன்ட் கிளப், 1754-இல் தொடங்கியது. அதன் முன்னால்தான், பந்தை அடித்து விழவைக்க வேண்டிய குழிகளில் முதல் குழிக்கான ஆட்டம் தொடங்குகிறது, பதினெட்டாவது குழி முடிவதும் அங்கேதான். இரண்டுக்கும் குறுக்கே ஒரு சாதாரணத் தெரு போகிறது! வார நாளில் வந்தால் இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்க வேண்டும், கார் வருகிறதா என்று மட்டுமல்ல, பந்து வருகிறதா என்றும்.

தரையைக் கொஞ்சம் கவனியுங்கள். கடற்கரைக்கும் வயலுக்கும் நடுவில் கிடக்கும் இந்த மேடுபள்ள மணல்நிலத்துக்கு ஸ்காட்லாந்தில் லிங்க்ஸ் என்று பெயர். உழுவதற்கு ஆகாது, ஆடு மேய்க்கலாம். காற்றுக்குப் பயந்து ஆடுகள் பதுங்கிப் பதுங்கித் தேய்ந்த பள்ளங்களே பங்கர் எனப்படும் மணற்குழிகளாயின என்பார்கள்.

ஆரம்பத்தில் ஒரே பாதையில்தான் போய், அதே வழியில் திரும்பி ஆடினார்கள். ஒரு சுற்றுக்கு 22 குழிகள். 1764-இல் முதல் நான்கு குழிகளை இரண்டாகச் சேர்த்தார்கள். போகும்போது இரண்டு, வரும்போது இரண்டு குறைய, மிச்சம் 18. உலகம் முழுக்க இன்று 18 குழி ஆடுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். பிற்பாடு போகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் தனித்தனிக் குழி தோண்டினாலும், மழித்த புல்தரையைப் பொதுவாகவே வைத்துக்கொண்டார்கள். 2-ஆவதும் 16-ஆவதும் ஒரே தரையில், 3-ஆவதும் 15-ஆவதும் ஒரே தரையில். இப்படி ஏழு ஜோடிகள். எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18 வரும், கூட்டிப் பாருங்கள்.

அடுத்து ஸ்வில்கன் பாலம். சின்ன ஓடையின் மேல் ஒரு கல்வளைவு, அவ்வளவுதான். ஆட்டு மந்தை தாண்டுவதற்காகக் கட்டியது. 2005-இல் புகழ்பெற்ற அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லாஸ் இதன்மேல் நின்று கையசைத்துத்தான் ஓப்பன் என்ற பெரிய கோல்ஃப் போட்டியிலிருந்து விடைபெற்றார். 2023-இல் பாலத்தின் வாசலில் புதிதாகக் கல் பாவி, ஊர் உலகமெல்லாம் திட்டியதும் சில நாட்களில் பெயர்த்தெடுத்தார்கள். படம் எடுக்க ஒரு கூட்டம் எப்போதும் இருக்கும். பொறுமையாக நில்லுங்கள்.

பாலத்துக்கு அருகிலேயே 17-ஆவது குழி. அதன் ஓரத்து மணற்குழியில் 1978-இல் ஜப்பானியர் டாமி நாகஜிமா மாட்டிக்கொண்டு அந்த ஒரு குழிக்கு மட்டும் ஒன்பது தடவை பந்தை அடித்தார். கால் வலிக்காவிட்டால் 14-ஆவது குழி வரை நடந்து ஹெல் பங்கரையும் பாருங்கள். பெயருக்கேற்ற நரகம்! 1995-இல் நிக்லாஸே அதிலிருந்து பந்தை வெளியே கொண்டுவர நான்கு தடவை அடிக்க வேண்டியிருந்தது. எட்டிப் பாருங்கள், உள்ளே குதிக்காதீர்கள். பந்து விழும் குழிகளைச் சுற்றியுள்ள மழித்த தரையையும் மிதிக்காமல் ஓரமாக நடப்பதே மரியாதை.

படி 4: ஒரே ஒரு பந்தாவது உருட்டுங்கள்

ஓல்டு கோர்ஸில் ஆட உங்கள் ஆட்டத்தரத்தைக் காட்டும் ஹேண்டிகேப் சான்று வேண்டும், பெரும்பாலும் இரண்டு நாள் முன்னால் குலுக்கலிலும் பெயர் வர வேண்டும். நமக்கு அது ஒத்துவராது. பக்கத்திலேயே ஹிமாலயாஸ் என்று மேடும் பள்ளமுமாக ஒரு புல்வெளி இருக்கிறது. பெண்கள் மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்குவது அழகில்லை என்று அந்தக் காலத்து ஆண்கள் முடிவு செய்ததால், பெண்கள் 1867-இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கி இங்கே பந்தை உருட்டி ஆடினார்கள். சங்கம் இன்றும் இருக்கிறது. கோடைக்காலத்தில் சில பவுண்டுகள் கொடுத்தால் மட்டையும் பந்தும் தருவார்கள். உறுப்பினர்களுக்கு ஒதுக்கிய நேரத்தை மட்டும் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு முதல் குழிக்கே ஏழு தடவை உருட்ட வேண்டியிருந்தது. பின்னால் நின்ற சிறுமி இரண்டில் முடித்தாள்.

படி 5: ஊருக்குள் திரும்புங்கள்

நார்த் ஸ்ட்ரீட் வழியாகக் கிழக்கே நடங்கள். செயின்ட் சால்வேட்டர் தேவாலய வாசலில் கற்களில் பதித்த இரண்டு எழுத்துகள் இருக்கும். மதச் சீர்திருத்தம் பேசியதற்காக 1528-இல் எரிக்கப்பட்ட பாட்ரிக் ஹாமில்டனின் பெயரெழுத்துகள். மிதித்தால் பரீட்சையில் தோல்வி என்று 1413-இலிருந்து இயங்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக மாணவர்கள் நம்புகிறார்கள். பரிகாரமும் உண்டு: மே 1 விடியலில் வடகடலில் ஒரு முழுக்கு.

தெரு முடிவில் இடிந்த பேராலயம். சுவர்களை அவசரமாகப் பார்த்தாலும் பரவாயில்லை, கல்லறைகளுக்கு நேரம் ஒதுக்குங்கள். தொப்பி வைத்து, பந்தடிக்கும் கோலத்தில் செதுக்கிய இளைஞன் டாமி மோரிஸ். ஓப்பனைத் தொடர்ந்து நான்கு தடவை வென்றவன், 1875 கிறிஸ்துமஸ் அன்று 24 வயதில் இறந்தான். அவன் அப்பாதான் ஞாயிறு ஓய்வு கேட்ட டாம் மோரிஸ். மகனுக்குப் பிறகு 32 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1908-இல் அவன் அருகிலேயே அடக்கமானார்.

திரும்பும்போது சவுத் ஸ்ட்ரீட்டைப் பிடியுங்கள். இடிந்த சிற்றாலயம் ஒன்றின் பின்னால் மெட்ராஸ் காலேஜ் என்ற பள்ளிக்காக எழுப்பிய கட்டடம் நிற்கும். ஆம், நம் மெட்ராஸேதான். இந்த ஊரில் பிறந்த ஆண்ட்ரூ பெல், 1789-இல் எழும்பூர் அனாதைச் சிறுவர் விடுதிக்குப் பொறுப்பாளரானார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தன் விடுதிக்குக் கொண்டுவந்தார். பெரிய பையன்களை வைத்தே சின்னவர்களுக்குப் பாடம் சொல்ல வைத்தார். அது மெட்ராஸ் முறை என்ற பெயரில் பிரிட்டனில் பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் 1833-இல் திறந்த பள்ளி 2021-இல் ஊரின் மேற்கு ஓரத்துக்கு இடம் மாறிவிட்டது, பெயர் மாறவில்லை. நான் வாசலில் கொஞ்ச நேரம் அதிகமாகவே நின்றுவிட்டேன். நீங்கள் அப்படி நிற்பதாக இருந்தால் லூக்கர்ஸ் பேருந்தின் நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலையில் வண்டிகள் குறைவு.