நாயனம் கேட்க ஊர் ஊராகப் போவது எப்படி

நாகசுரத்துக்கு, அதாவது நாயனத்துக்கு, மைக் வைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. தெருக்கோடி வரைக்கும் கேட்பதற்கென்றே செய்த வாத்தியம் அது. அதைக் குளிர்பதன அரங்கில் உட்கார வைத்து, மூக்குக்கு நேரே மைக்கை நீட்டி, ஒன்றரை மணி நேரத்தில் மங்களம் பாடச் சொல்கிறார்கள். நாயனம் கேட்க ஆசைப்படுகிறவர்கள் அது சாமிக்கு முன்னால் நடக்கும் இடத்துக்குப் போகவேண்டும். ராத்திரியில் போகவேண்டும். எப்படிப் போவது என்று என்னிடம் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள், அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் விழுப்புரத்தில் கணக்கு டீச்சர். நான் பின்னால் அலைகிற மேள செட், அதாவது நாயனமும் தவிலும் சேர்ந்து வாசிக்கிற குழு, தஞ்சாவூர்ப் பக்கத்து செட். பெரிய நாயனம் வாசிக்கிற அண்ணன் பெயரை இங்கே போட்டால் கூச்சப்படுவார், போடவில்லை. இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு தாளம். சுருதிக்காக ஒரே ஸ்வரத்தை விடாமல் பிடிக்கிற ஒத்துக் குழலை ஊதுகிற பெரியவர் இருந்த இடத்தில் இப்போது சுருதிப் பெட்டி.

முதலில் உங்களுக்கென்று ஒரு செட்டைப் பிடியுங்கள். எல்லாரையும் கேட்கிறேன் என்று கிளம்பினால் யாரையும் கேட்டதாக ஆகாது. ஒரே ஆள் தோடி ராகத்தை மூன்று ஊரில் மூன்று விதமாக வாசிப்பதைக் கேட்டால்தான் அவருடைய தோடி எது, அன்றைக்குத் தோன்றிய தோடி எது என்று பிரிக்க முடியும். கோயில் திருவிழாப் பத்திரிகையை எல்லாரும் மேலிருந்து படிப்பார்கள். நீங்கள் கீழிருந்து படியுங்கள். உபயதாரர் பெயர்களுக்கெல்லாம் அடியில், சின்ன எழுத்தில், மேளம் யார் என்று இருக்கும். பிடித்துப்போன செட் கிடைத்துவிட்டால் தாளம் போடுகிற பையனிடம் போன் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குப் போன் செய்தால் பாதி நேரம் சாதகத்தில் இருப்பார்கள், மீதி நேரம் தூக்கத்தில் இருப்பார்கள். எந்தத் தேதியை எந்த ஊருக்குக் கொடுத்தாகிவிட்டது என்பது தாளக்காரப் பையனுக்குத்தான் மனப்பாடம்.

அடுத்தது பஞ்சாங்கம். முகூர்த்த நாளில் உங்கள் செட் ஏதாவது கல்யாண மண்டபத்தில் இருக்கும். அவர்கள் பிழைப்பு அது, குறை சொல்ல முடியாது. கல்யாணம் இல்லாத மார்கழியும் ஆடியும் புரட்டாசியும்தான் நமக்கு. மார்கழியில் சிதம்பரம் ஆருத்ரா தரிசனம். பத்து நாள் உற்சவம், ஒன்பதாம் நாள் தேர், பத்தாம் நாள் தரிசனம். அரையாண்டு விடுமுறையோடு ஒட்டி வருகிற வருஷம் எனக்கு யோகம். சித்திரை விசாகத்துக்குத் திருவையாற்று ஏழூர்த் திருவிழா. ஐயாறப்பர் பல்லக்கு திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று சுற்றிவரும். வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனால் வயல் நடுவே நாயனம் கேட்க அதைவிட்டால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. சென்னைக்காரர்களுக்குப் பங்குனியில் கபாலீசுவரர் கோயில். எல்லாரும் எட்டாம் நாள் அறுபத்துமூவருக்குத்தான் போவார்கள். நீங்கள் ஐந்தாம் நாள் ராத்திரி ரிஷப வாகனத்துக்குப் போங்கள். அறுபத்துமூவர் அன்று மோர் கொடுக்கிறவர்கள் சத்தத்தில் நாயனம் எங்கே கேட்கப்போகிறது?

இனி எங்கே நிற்பது. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

மேளம் சாமிக்கு முன்னால் போகும். கூட்டம் சாமியை ஒட்டி நிற்கும். நீங்கள் மேளத்துக்கும் முன்னால், இருபதடி தள்ளி, பின்பக்கமாக நடக்கப் பழகிக்கொள்ளுங்கள். நாயனத்தின் அடியில் விரிந்திருக்கிற அணசு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் நாதம் வரும். பக்கவாட்டில் நின்றால் தவில்தான் கேட்கும். தவிலுக்குப் பக்கத்தில் நிற்பதென்றால், கூடு என்கிற விரலுறை மாட்டிய விரல் விழுகிற வலந்தலைப் பக்கம் நின்றால் தாளச் சொற்கள் ஒவ்வொன்றாகக் கேட்கும். கழி விழுகிற தொப்பிப் பக்கம் நின்றால் நெஞ்சு அதிரும், அவ்வளவுதான். விளக்கு வண்டிக்கு மின்சாரம் கொடுக்கிற ஜெனரேட்டர் எங்கே வருகிறது என்று முதலிலேயே பார்த்துவையுங்கள். அது சாமிக்குப் பின்னால் வருகிற ஊர் புண்ணியம் செய்த ஊர். இப்போது ஊருக்கு ஊர் செண்டை மேளத்தையும் கூட்டிவந்துவிடுகிறார்கள். செண்டை நல்ல வாத்தியம், கேரளத்துப் பூரத்தில் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். ஒரே தெருவில் அதுவும் நாயனமும் என்றால் இரண்டும் கெட்டது.

சாமி கிளம்பும்போது வாசிக்கிற புறப்பாட்டு மல்லாரியைக் கோபுர வாசலுக்கு உள்ளே நின்று கேட்கவேண்டும். கம்பீர நாட்டை ராகம், சாகித்தியம் (பாட்டு வரிகள்) கிடையாது, தவிலும் நாயனமும் சேர்ந்து காலம் மாற்றி மாற்றி ஏறும். கோபுரத்துக் கல்விதானம் அந்த ஒலியை வாங்கி உங்கள் தலையில் கொட்டும். அரை மணி முன்னதாகப் போய் இடம் பிடித்து, சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளுங்கள், வாகனம் தூக்குகிறவர்கள் யாருக்காகவும் நிற்க மாட்டார்கள். அதற்கப்புறம் வீதி மூலைகள். சிதம்பரத்தில் கீழ வீதியில் கிளம்பித் தெற்கு, மேற்கு, வடக்கு என்று சுற்று. மூலையில் சாமி திரும்பும்போதும், உபயதாரர் பூசைக்காக மண்டகப்படியில் நிறுத்தும்போதும்தான் செட் சாமியைப் பார்த்துத் திரும்பி நின்று ராகத்தை விரிக்கும். நடக்கும்போது வாசிப்பதெல்லாம் அதற்கு முன்னோட்டம். அந்த நேரத்தில் முன்னால் நடந்த நீங்கள் முதுகுப் பக்கம் மாட்டிக்கொள்வீர்கள். அதனால் மூலைக்கு ஐம்பதடி இருக்கும்போதே ஒதுங்கி, சாமியை முன்னே விட்டு, பக்கத்துத் திண்ணையில் ஏறிவிடுங்கள்.

நள்ளிரவுக்குமுன் வாசிப்பது ஊருக்காக. அர்ச்சனைத் தட்டோடு வந்தவர்கள் வீட்டுக்குப் போய், குழந்தைகள் தூங்கி, கூட்டம் கலைந்தபிறகு ஒரு மணி, இரண்டு மணிக்கு அண்ணன் சீவளியை, அதாவது வாயில் வைத்து ஊதுகிற நாணல் துண்டை, மாற்றுவார். அதைப் பார்த்தால் நான் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்து உட்காருவேன். அதற்கப்புறம் ஒரு கரகரப்பிரியாவோ சங்கராபரணமோ முக்கால் மணி போகும், இரண்டாவது நாயனக்காரர் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுப்பார். பத்து மணிக்குக் கேட்டுவிட்டு லாட்ஜுக்குத் திரும்பியவர்கள் இந்த செட்டைக் கேட்டதாக என்னிடம் சொல்லவேண்டாம்.

கொண்டுபோக வேண்டியது கொஞ்சம்தான். செருப்பை வைக்க ஒரு துணிப்பை (சாமிக்கு முன்னால் வெறுங்காலோடுதான், தெருவில் தண்ணீர் தெளித்திருப்பார்கள்), ஒரு துண்டு, தண்ணீர், சில்லறை. பெண்கள் தனியாகப் போகவேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டு பேராகப் போனால் ராத்திரி சௌகரியம். எனக்கு என் நாத்தனார். அவளுக்குத் தோடியும் தெரியாது, காம்போதியும் தெரியாது. சிதம்பரத்துக் கத்தரிக்காய்க் கொத்சுக்காக வருகிறாள். ஊருக்குப் போனதும் முதல் வேலையாகக் கழிப்பறை சுத்தமாக இருக்கிற ஓட்டல் எது, ராத்திரி எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று அவள் விசாரித்து வைத்துவிடுவாள். நகை போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

செல்போனில் பதிவு செய்வதென்றால் பத்தடிக்குள் வைக்காதீர்கள், தவில் அடி விழுந்தால் ஒலி உடைந்துபோகும். அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டவே நீட்டாதீர்கள். விருப்பப் பாட்டு கேட்கலாம், மண்டகப்படி இடைவெளியில், தவில்காரர் மூலமாக. கீர்த்தனை பெயரைச் சொல்லாமல் ராகத்தைச் சொன்னால் மரியாதை கூடும். சினிமாப் பாட்டைக் கேட்டால் வாசிப்பார்கள், அடுத்த ஊரில் உங்களைப் பார்த்ததும் முகம் திரும்பும். பொன்னாடை வேண்டாம், அவர்கள் வீட்டில் பீரோ நிறைய இருக்கிறது. வெற்றிலை பாக்கில் பணம் வைத்துக் கொடுங்கள், தாளக்காரப் பையனுக்குத் தனியாக. வாசிப்பு முடியும்வரை தின்பண்டம் எதையும் நீட்டாதீர்கள். சூடாகப் பால் வாங்கிக் கொடுத்தால் குடிப்பார்கள்.

கும்பகோணம் பக்கம் போகிறவர்கள் பகலில் நரசிங்கம்பேட்டைக்கு ஒரு நடை போய்வாருங்கள். ஆச்சா மரத்தில் நாயனம் கடைகிற ஊர், 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளில் உத்திரமாகக் கிடந்து நன்றாக உலர்ந்த மரத்தைத்தான் தேடி வாங்குவார்கள். குட்டையான திமிரி நாயனத்தையும் நீளமான பாரி நாயனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால், நாயன மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பாரியைக் கையில் எடுத்தபிறகு சுருதி ஏன் கீழே இறங்கியது என்று கண்ணாலேயே புரிந்துவிடும்.

திருவிழாவுக்கே போக முடியாதவர்களுக்குக் கல்யாணம் இருக்கிறது. முகூர்த்தத்துக்குப் போகாதீர்கள், ராகம் சூடு பிடிக்கிற நேரத்தில் யாராவது விரலை ஆட்டி, கெட்டிமேளம் என்று கத்தி அறுத்துவிடுவார்கள். முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்குப் போங்கள். அது தெருவில் நடப்பது, தெருவில் நிற்க யாருக்கும் பத்திரிகை வைக்கவேண்டியதில்லை. எதிர் வாடையில் நின்று கேட்டுவிட்டு, ஊர்வலம் மண்டபத்துக்குள் நுழைந்ததும் கிளம்பிவிடுங்கள். பெண் வீட்டார் சாப்பிட்டுப் போங்கள் என்று கையைப் பிடிப்பார்கள். பந்தியில் உட்கார்ந்தால் மாப்பிள்ளைக்கு என்ன உறவு என்று கேள்வி வரும். என் நாத்தனார் அதற்கும் ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறாள், அதை இங்கே எழுத முடியாது.