லொசானில் வருத்தம் வந்தால்: 'ஷூவ்' மருத்துவமனையும் நாங்களும்

சுவிசின் வோ மாநிலத்துக்குப் புதிதாக வந்தவர்களின் காதில் முதல் மாதத்திலேயே விழுகிற சொல் 'ஷூவ்'. லொசானில் உள்ள வோ பல்கலைக்கழக மருத்துவமனையின் பிரெஞ்சுப் பெயரைச் சுருக்கி அப்படிச் சொல்கிறார்கள். மெட்ரோ எம்2 பாதையில் அதே பெயரில் தரிப்பிடமும் உண்டு. 2008இல் அந்தப் பாதை திறந்ததால், லொசானின் ஏற்றத்தில் மூச்சிரைக்க நடக்காமல் போய்ச் சேரலாம்.

1883இல் திறந்த மாநில ஆஸ்பத்திரிதான் இதன் வேர். 1890இல் லொசானின் பழைய கலாசாலை பல்கலைக்கழகமாக மாறியபோது மருத்துவ பீடமும் சேர்ந்தது; அதோடு நோயாளியின் கட்டிலே வகுப்பறையும் ஆனது. அங்கே சத்திரசிகிச்சை கற்பித்த செசார் ரூ, சிறுகுடலைக் கவட்டை வடிவில் இணைத்துத் தைக்கும் முறை ஒன்றைக் கொண்டுவந்தார். உடல் பருமனுக்குச் செய்யும் சத்திரசிகிச்சையில் இன்றும் அவர் பெயர் சொல்லப்படுகிறது. இப்போது தூரத்திலிருந்தே தெரிகிற பெரிய கட்டடம் 1982இல் திறந்தது. சுவிசில் பல்கலைக்கழக மருத்துவமனைகள் ஐந்து. பிரெஞ்சு பேசும் பக்கத்தில் இதுவும் ஜெனீவாவில் உள்ளதும்தான்.

இந்தக் கதையை ஏன் சொல்கிறேன்? காலையில் ஐந்தாறு வெள்ளைக் கோட்டுகள் உங்கள் கட்டிலைச் சுற்றி நின்றால், "எனக்கு ஏதோ பெரிய வருத்தம்" என்று நம்மவர்கள் பயந்துவிடுகிறார்கள். பயப்படாதீர்கள், அவர்களில் பாதிப்பேர் படிக்க வந்தவர்கள். மாணவர்கள் பார்ப்பது பிடிக்கவில்லை என்றால் மறுக்கலாம். அதற்காகச் சிகிச்சை குறையாது.

மொழிதான் பெரிய தடை. வைத்தியரைச் சந்திக்க நேரம் எடுக்கும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று கேளுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் ஆள் கிடைப்பது கஷ்டம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பத்து வயதுப் பிள்ளைதான் அம்மாவின் கர்ப்பப்பை வருத்தத்தை வைத்தியருக்குச் சொன்னாள். அம்மா வெட்கத்தில் பாதியை மறைத்துவிட்டா. மிச்சத்தை மகள் விளங்காமல் விட்டாள்.

தடிமன் காய்ச்சலுக்கு ஷூவ் அவசரப் பிரிவுக்கு ஓடுவது வீண். அங்கே வந்த வரிசையில் பார்ப்பதில்லை, ஆபத்தின் அளவில்தான் பார்ப்பார்கள்; மணிக்கணக்காகக் காத்திருப்பீர்கள். முதலில் ஒரு குடும்ப வைத்தியரைத் தேடிப் பிடியுங்கள். இரவில் உயிராபத்து இல்லாத வருத்தம் என்றால் கடமையில் இருக்கும் வைத்தியர்களின் தொலைபேசிச் சேவைக்கு, 0848 133 133 எடுத்துக் கேளுங்கள். நெஞ்சுவலி, வாய் கோணுதல், மயக்கம் என்றால் யோசிக்காமல் 144க்கு எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் செலவில் பாதியைத்தான், அதுவும் வருடத்துக்கு 500 பிராங் வரை (உயிராபத்தில் மீட்பதென்றால் 5000 வரை), அடிப்படை மருத்துவக் காப்புறுதி தரும். அதற்காக நெஞ்சுவலிக்காரரை மெட்ரோவில் ஏற்றிவிடாதீர்கள்!

இந்தக் காப்புறுதியைச் சுவிசுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் எடுத்தால், வந்த நாளிலிருந்தே செல்லும். வளர்ந்தவர்களுக்கு, முதலில் நீங்களே கட்ட வேண்டிய தொகை வருடத்துக்கு 300இலிருந்து 2500 பிராங் வரை, நீங்கள் தெரிவுசெய்வது. மாதக் கட்டணம் குறையும் என்று நோயாளி ஒருவர் 2500ஐ எடுப்பது புத்தியில்லை. அதற்கு மேல் வரும் பில்லிலும் பத்துவீதம் உங்களுடையது, வருடத்துக்கு 700 பிராங் வரை. கர்ப்பிணிகளுக்கு 13ஆம் கிழமையிலிருந்து பிரசவத்துக்குப் பின் எட்டுக் கிழமை வரை இந்தப் பங்குகள் இல்லை. அகதிக் கோரிக்கையில் இருப்பவர்களின் காப்புறுதியை, அவர்களைப் பராமரிக்கும் வோ மாநில நிறுவனமான ஏவாம் பார்க்கும். எதற்கும் முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

போகும்போது காப்புறுதி அட்டையோடு, ஊரில் குடித்த மருந்துப் பெட்டிகளையும் பையில் போடுங்கள். "அந்த மஞ்சள் குளிசை" என்றால் இங்கே ஒருவருக்கும் விளங்காது.