வெள்ளியங்கிரி ஏழு மலை: ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்க

"நீங்க முன்னால போங்கப்பா, நான் மெதுவா வந்தர்றேன்."

கோயம்புத்தூர் பக்கத்தில் இருக்கிற வெள்ளியங்கிரி மலைக்கோயிலுக்குக் கூட்டாளிகளோடு போகிறவர்கள் இந்த ஒரு பேச்சுக்கு மட்டும் தலையாட்டிவிடக் கூடாது. எங்கள் பட்டறையில் வெல்டிங் பார்க்கிற நண்பர் ஒரு வருஷம் இறங்கும்போது வழுக்குப்பாறையில் நின்று இதைச் சொன்னார். நாங்கள் நாலு பேரும் சரியென்று நடையைக் கட்டினோம். அடிவாரத்துப் பூண்டி வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. ஒரு மணி நேரம் ஆகியும் ஆளைக் காணோம், போனும் போகவில்லை. ஓய்ந்த காலோடு இரண்டு பேர் மறுபடி ஏறினோம். முதல் மலைப் படியில் உட்கார்ந்திருந்தார். வலது முட்டி மடங்கவில்லை, டார்ச்சும் அணைந்துபோயிருந்தது. பக்கத்தில் எங்கோ மூங்கில் ஒடிகிற சத்தம் கேட்டு, யானையோ என்ற பயத்தில் குரல்கூடக் கொடுக்காமல் இருந்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும் ஒன்றும் பேசவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தவர் அடிவாரம் வரைக்கும் விடவில்லை.

அதற்கப்புறம் நாங்கள் மலைக்குப் போகிற முறையே மாறிவிட்டது.

முதலில் நாள் பார்ப்பது. பிப்ரவரியிலிருந்து மே வரைக்கும்தான் பக்தர்களை விடுவார்கள். சிவராத்திரியும் சித்ரா பௌர்ணமியும் அய்யன் சிவனுக்கு உகந்த நாட்கள்தான், ஆனால் முதல் தடவை ஏறுகிறவருக்கு ஆகாது. கூட்டத்தில் படிக்குப் படி நின்று நின்று ஏறுவதில் கால் இருமடங்கு களைத்துப்போகும். நாங்கள் மார்ச் முதல் வாரத்தில், வார நடுவில் ஒரு நாளாகப் பார்த்துப் போகிறோம். ஏப்ரலில் வெயில் வாட்டும். மே மாதம் கோடை மழை பிடித்துக்கொண்டால் பாறையில் கால் நிற்காது.

ஒரு மாதம் முன்னாலேயே காலைப் பழக்குங்கள். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மருதமலை இருக்கிறது, 837 படி. வாரம் இரண்டு நாள் போய், ஏறியதும் உட்காராமல் இறங்கி, இன்னொரு தடவை ஏறி இறங்குங்கள். ஏறுவதற்கு மூச்சு வேண்டும், இறங்குவதற்குத் தொடையும் முட்டியும் வேண்டும். பெரும்பாலும் மூச்சை மட்டும்தான் பழக்குகிறோம். இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பவே வேண்டாம். 2024-இல் மட்டும் ஏறப் போனவர்களில் பல பேர் உயிரோடு திரும்பவில்லை. அய்யன் அடிவாரக் கோயிலிலும் இருக்கிறார், அங்கே கும்பிட்டுத் திரும்புவதில் ஒரு குறையும் இல்லை.

பையில் கனம் வேண்டாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், வாழையிலையில் கட்டிய புளிசாதம், பேரீச்சை, உப்பில் ஊறிய நெல்லிக்காய் நாலைந்து, ஓஆர்எஸ் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பு-சர்க்கரைப் பொடி), ஒரு காய்ந்த பனியன், துண்டு, தலையில் மாட்டுகிற டார்ச். அடிவாரத்தில் வனத்துறைக்காரர்கள் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் உறையில் இருக்கிற பிஸ்கட்டைப் பிரித்துக் காகிதத்தில் கொட்டித்தான் விடுவார்கள். அதனால் வீட்டிலேயே காகிதத்தில் மடித்துக்கொண்டு போங்கள்.

மூங்கில் கம்பு அங்கேயே கிடைக்கும். கைக்கு வந்ததை வாங்காமல் தேடி எடுங்கள். கணு நெருக்கமாக இருக்க வேண்டும், அடி முனை கணுவில் முடிய வேண்டும். கணு இல்லாத முனை பாறையில் பட்டுப் பட்டுக் கீறிக்கொள்ளும். உயரம் தோளளவு. ஏறும்போது நீளமாகத் தெரியும், இறங்கும்போதுதான் அருமை புரியும்.

நாங்கள் விடியக்காலை நாலு மணிக்கு அடிவாரத்தில் கும்பிட்டு ஏற ஆரம்பிப்போம். இருட்டில் தனித்தனியாகப் போகக் கூடாது, யானை நடமாடும் காடு. முதல் மலைதான் ஆளைச் சாய்ப்பது. செங்குத்தான கல்படி, ஒரு சீராக இருக்காது, ஒன்று முட்டி உயரம், அடுத்தது ஒரு சாண். ஆர்வத்தில் வேகமாக ஏறுகிறவர்கள் இங்கேயே பாதி பலத்தைச் செலவழித்துவிடுவார்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிறதா, அதுதான் சரியான வேகம். எங்களில் மெதுவாக நடப்பவர் முன்னால் போவார், வேகக்காரர் கடைசியில் வருவார். முன்னால் போகிறவரை யாரும் தாண்டக் கூடாது.

இரண்டாம் மலை முடிவில் வழுக்குப்பாறையில் கால் வைக்கச் செதுக்கியிருக்கிறார்கள், அவசரப்படாதீர்கள். அதைத் தாண்டிவிட்டால் கைதட்டிச் சுனை, ஒட்டன் சமாதி என்று வழியில் வருகிற இடங்களில் மூச்சு நிதானத்துக்கு வரும். நாலாவது, ஐந்தாவது மலையில் மரங்கள் விலகிப் புல்வெளி வந்துவிடும். காற்று அறையும். வியர்வையில் நனைந்த சட்டையோடு நின்றால் உடம்பு நடுங்கத் தொடங்கும், காய்ந்த பனியனை இங்கே மாற்றுங்கள். ஆறாவது மலையில் ஆண்டி சுனைக்கு இறங்க வேண்டும். அந்தத் தண்ணீரில் காலை வைத்ததும் கணுக்கால் எலும்பு வரை குளிர் ஏறும், ஐந்து நிமிஷத்தில் வலி மரத்துப்போகும். குளிக்காவிட்டாலும் காலையாவது நனையுங்கள், துண்டால் விரல் இடுக்கு வரை துடைத்துவிட்டு நடங்கள். ஈரக்காலோடு நடந்தால் கொப்புளம் நிச்சயம்.

ஏழாவது மலை மறுபடியும் செங்குத்து. உச்சியில் பெரும் பாறைகளுக்கு நடுவே சுயம்புவாக இருக்கிறார் அய்யன். அங்கே நிற்கும்போது என் மனசில் என்ன இருக்கும் என்பதை எழுத வரவில்லை.

பதினொரு மணிக்குள் உச்சி வராவிட்டால் எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது எங்கள் கட்டு. ஒரு வருஷம் ஆறாவது மலையிலிருந்தே கும்பிட்டுத் திரும்பினோம்.

இனி இறக்கம். கால் நகத்தை இரண்டு நாள் முன்பே ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷூ முனையில் இடித்து இடித்துக் கறுத்துவிடும். ஷூ போட்டிருப்பவர்கள் உச்சியிலேயே உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்து, குதிகாலைப் பின்னால் தட்டி உட்கார வைத்து, கணுக்கால் பக்கம் மட்டும் இறுக்கிக் கட்டுங்கள். வெறுங்காலில் பழகியவர்களுக்குப் பாதமே போதும். முதலில் கம்பைக் கீழ்ப்படியில் ஊன்றி, உடம்புக் கனத்தில் கொஞ்சத்தை அதில் இறக்கிவிட்டு, பிறகு காலை வையுங்கள். முட்டியை லேசாக மடித்தே வைத்திருங்கள். உயரமான படியில் பக்கவாட்டாக இறங்குங்கள். குதிக்கவே கூடாது. அரை மணிக்கு ஒரு தடவை எல்லோரும் நின்று தலை எண்ணுவோம். யாராவது முட்டியைத் தடவினால் அவர் பையை இன்னொருவர் வாங்கிக்கொள்வார், கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

பூண்டி சேர்ந்ததும் உடனே பைக்கை எடுக்காதீர்கள், கண் சொருகும். நாங்கள் பஸ்ஸில்தான் போய் வருகிறோம். அந்த வெல்டிங் நண்பர் போன மார்ச்சிலும் வந்தார். முட்டிக்குப் பட்டை கட்டியிருந்தார். அவர்தான் எல்லோருக்கும் முன்னால் நடந்தார்.