வாடகை மோடம் படுத்துவிட்டால்: ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

எங்கள் வீட்டு மோடம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் படுத்தது. சரி, திங்கட்கிழமை போன் பண்ணிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நான் செய்த முதல் தப்பு அதுதான். இந்த ஊரில் இணையம் எப்போது நின்றது என்பதற்குக் கணக்கே கிடையாது, நீங்கள் எப்போது புகார் சொன்னீர்கள் என்பதற்குத்தான் கணக்கு.

2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் தொலைத்தொடர்புச் சட்டப்படி, இணையம் முழுதாக நின்று, புகார் போன இரண்டு நாளுக்குள் சரியாகவில்லை என்றால் நீங்கள் நஷ்டஈடு கேட்கலாம். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் தலா 5 யூரோ அல்லது மாதக் கட்டணத்தில் 10 சதவீதம், ஐந்தாம் நாளிலிருந்து தினம் 10 யூரோ அல்லது 20 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. மாதம் 40 யூரோ கட்டுகிறவருக்கு ஏழு நாள் இணையம் இல்லாமல் போனால் ஒரு மாதக் கட்டணமே திரும்பி வந்துவிடும். ஆனால் தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும். கோளாறு உங்களால் வந்தது என்றால் கிடைக்கவும் கிடைக்காது.

போன் பண்ணுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் மோடத்தைப் பாருங்கள். விளக்கு ஒன்றுமே எரியவில்லையா? வேறு பிளக்கில் செருகிப் பாருங்கள், பாதி நேரம் செத்திருப்பது மோடம் இல்லை, அதன் அடாப்டர்தான். இங்கே அதற்கு நெட்ஸ்டைல் என்று பெயர், போனில் இந்த வார்த்தை உதவும். ஃபிரிட்ஸ்பாக்ஸ் (இங்கே பல வீடுகளில் இருக்கும் மோடம்) வைத்திருந்து, அதில் பவர்/டிஎஸ்எல் விளக்கு விடாமல் மினுக்கினால், கரண்ட் வருகிறது, வெளியிலிருந்து லைன்தான் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அப்போது சுவரைப் பாருங்கள். டெலிபோன் லைனில் வரும் இணையம் (அதுதான் டிஎஸ்எல்) என்றால் சுவர்ப் பெட்டியில் மூன்று துளை இருக்கும், நடுவில் எஃப் (F), இரண்டு பக்கமும் என் (N) என்று எழுத்து இருக்கும். மோடம் வயர் எஃப்-இல் இருக்க வேண்டும். வீடு துடைக்கும்போது கழற்றி என்-இல் மாட்டிவிட்டு மோடத்தைத் திட்டியவர்கள் உண்டு (நானும்தான்).

ரீசெட் பொத்தானில் மட்டும் ஊசியை விட்டு அமுக்கிவிடாதீர்கள். டிஎஸ்எல் இணைப்பில் அது உள்ளே இருக்கும் கணக்கு விவரத்தையும் துடைத்துவிடலாம். கனெக்‌ஷன் வாங்கியபோது தபாலில் வந்த கடிதத்தில் சூகாங்ஸ்டாட்டன் என்ற தலைப்பில் அந்த எண்கள் இருக்கும். கடிதத்தைக் கண்டுபிடித்துக் கையில் வைத்துக்கொண்டு அப்புறம் எது வேண்டுமானாலும் அமுக்குங்கள்.

போனை எடுப்பது பெரும்பாலும் மெஷின்தான். ஷ்டோருங் என்று சொன்னால் கோளாறு பிரிவுக்குத் தள்ளிவிடும். கஸ்டமர் நம்பரும் மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரும் கேட்பார்கள், முன்னாலேயே அதைப் போட்டோ எடுத்துவிட்டால் போனைக் காதில் வைத்துக்கொண்டு மேசைக்கடியில் தவழ வேண்டாம். பேசி முடித்ததும் டிக்கெட் எண் (உங்கள் புகாரின் எண்) கேட்டு, தேதியும் மணியும் எழுதி வையுங்கள். ஜெர்மன் தடுமாறினால் நிறுவனத்தின் செயலி வழியாகப் புகார் கொடுங்கள், எழுத்தில் இருப்பது இன்னும் நல்லது. வாடகை மோடம் தானாகப் பழுதாகியிருந்தால் மாற்றித் தருவது அவர்கள் வேலை, உங்களுக்குச் செலவு இல்லை.

புது மோடம் பார்சலில் வரும். நம்மவர்கள் மாட்டுவது இங்கேதான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக விழுந்திருக்கும், அதனால் ஒப்பந்தமும் அப்பா பெயரில் ஓடும், வாசல் மணியில் நம் பெயரோ முன்பு குடியிருந்தவர் பெயரோ இருக்கும். பார்சல்காரர் வீட்டு எண்ணோடு மணியில் ஒட்டியிருக்கும் பெயரையும் பார்த்துத்தான் கொடுப்பார். பெயர் பொருந்தவில்லை என்றால் பெட்டி வந்த வழியே திரும்பிப் போய்விடும், இன்னொரு வாரம் போச்சு. மணியிலும் தபால் பெட்டியிலும் இரண்டு பெயரையும் ஒட்டிவிடுங்கள்.

மாட்டும்போது புது மோடத்தின் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் பழையதில் இருந்தபடியே, எழுத்து மாறாமல் வைத்துவிடுங்கள். டிவி, பிரிண்டர், போன் எல்லாம் தானாக ஒட்டிக்கொள்ளும். டிவி கேபிள் வழியாக வரும் இணையம் என்றால் புது மோடம் முதலில் நிறுவனத்தின் கணினியில் பதிவாக வேண்டும், மாட்டியதும் ஓடவில்லையே என்று பதற வேண்டாம்.

இன்னொன்று, 2016 ஆகஸ்ட் 1 முதல் இந்த நாட்டில் சொந்த மோடம் வைத்துக்கொள்வது உங்கள் உரிமை. இரண்டு வருடத்தில் ஊர் திரும்புகிறவருக்கு வாடகை சரி. குழந்தையைப் பள்ளியில் சேர்த்துவிட்டவர்கள் சொந்தமாக வாங்கிவிடுவதே மேல் என்பேன்.

பழைய மோடத்தைத் திருப்பி அனுப்ப மறக்காதீர்கள், அடாப்டரோடு. அவர்கள் தரும் ரிட்டர்ன் சீட்டை ஒட்டி, போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் கையில் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்த ரசீது சீக்கிரமே வெளுத்துப்போகும் காகிதம், அன்றே போட்டோ எடுங்கள். நான் அனுப்பி இரண்டு மாதம் கழித்து, பெட்டி வந்து சேரவில்லை என்று அதன் விலையைப் பில்லில் ஏற்றியிருந்தார்கள். போட்டோவை அனுப்பினேன், மன்னிப்பு ஒன்றும் வரவில்லை, அடுத்த பில்லில் கழித்திருந்தார்கள்.