தெருமுனை கிளினிக், மாட்டாஸ்பத்திரி, வேப்பேரி: நாய் வளர்க்கும் வீட்டின் வைத்தியக் கணக்கு

ராத்திரி பதினொரு மணிக்கு நாய் ரத்தமாக வாந்தி எடுக்கும்போது டாக்டரைத் தேடினால், எந்த கிளினிக் திறந்திருக்கிறதோ அங்கேதான் போக வேண்டியிருக்கும், கேட்கும் தொகையைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே, அது ஆரோக்கியமாக ஓடி விளையாடும்போதே, டாக்டரை முடிவு செய்துவிட வேண்டும். ஒரே ஒரு டாக்டரை நம்பியும் இருக்க முடியாது. தமிழ்நாட்டில் நாய்க்கு வைத்தியம் மூன்று வகை இடங்களில் நடக்கிறது. எதற்கு எங்கே போவது என்று தெரிந்தவர் வீட்டில் பாதிச் செலவு அங்கேயே அடங்கிவிடும்.

முதலாவது, நடந்தோ ஆட்டோவிலோ போகக்கூடிய தூரத்தில் இருக்கும் தனியார் கிளினிக். வழக்கமான ஊசி, வயிற்றுப்போக்கு, காது, தோல், காய்ச்சல் எல்லாம் இங்கேதான். நாயை மாதக் கணக்கில் பார்த்துப் பழகிய ஒருவர் வேண்டும் என்பதற்காகவே இந்த இடம்.

இரண்டாவது, கால்நடை பராமரிப்புத் துறையின் மருந்தகம், ஊர்வழக்கில் மாட்டாஸ்பத்திரி. பெயரைப் பார்த்து நகரத்தார் பலர் உள்ளே போவதே இல்லை. வெறிநோய்த் தடுப்பூசி, குடற்புழு மாத்திரை, சாதாரணக் காயம் இவற்றுக்கு இங்கே செலவு மிகக் குறைவு. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். அதை ஒட்டி இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடக்கும். உங்கள் நாயின் ஆண்டு ஊசியை அந்த மாதத்தில் விழும்படி அமைத்துக்கொண்டால் அந்தச் செலவே இல்லை. மருத்துவர் பல நாள் ஊருக்குள் முகாமுக்குப் போயிருப்பார் என்பதால் விசாரித்துவிட்டுப் போவது நல்லது. 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண் ஆடுமாடுகளை முன்னிட்டு நடப்பது. நாய்க்கு வருவார்கள் என்று ராத்திரியில் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

மூன்றாவது, கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சென்னையில் வேப்பேரி, 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கல்லூரிகள் உண்டு. புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட். எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, எலும்பு ஆபரேஷன், கண், இதயம் என்று தனித்தனிப் பிரிவுகளை இப்படி ஒரே வளாகத்தில், அரசுக் கட்டணத்தில் வேறெங்கும் பார்ப்பது அரிது. கூட்டம்தான் விலை. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்க வேண்டும், அரை நாள் போய்விடும், மாணவர்கள் சூழ்ந்து நின்று பார்ப்பார்கள். பயந்த நாய்க்கு வாய்க்கட்டு எடுத்துப் போங்கள். ரத்தம், ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள் என்று தெரிந்தால், முதல் நாளே உங்கள் டாக்டரிடம் வெறும் வயிற்றோடு போக வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் திரும்ப வரவேண்டியிருக்கும். கைக்குட்டிகளைப் பட்டினி போடக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும்.

பலகையில் என்ன படிக்க வேண்டும்

மருத்துவம் பார்க்கத் தகுதி பி.வி.எஸ்சி. பட்டமும், மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண்ணும். 1984-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இதைக் கட்டாயமாக்குகிறது. எம்.வி.எஸ்சி. இருந்தால் எந்தத் துறையில் என்று கேளுங்கள். கோழித் தீவனத்தில் மேற்படிப்பு படித்தவர் நல்ல டாக்டராக இருக்கலாம், ஆனால் அந்தப் பட்டத்துக்காக அவரிடம் எலும்பு ஆபரேஷனுக்குப் போக வேண்டியதில்லை.

அரசுப் பதவிப் பெயர்கள் குழப்பும். 'கால்நடை உதவி மருத்துவர்' என்றால் உதவியாளர் இல்லை; முழுப் பட்டம் பெற்ற டாக்டர். 'கால்நடை ஆய்வாளர்' டாக்டர் இல்லை. பெட் ஷாப்பில் ஊசி போட்டுவிடும் பையன் இரண்டுமே இல்லை.

முதல் முறை போகும்போது

நோய் இல்லாத நாளில் எடை பார்க்கவும் பூச்சி மாத்திரை வாங்கவும் போங்கள். கட்டணம் பெரிதாக இருக்காது, கண்ணுக்கு நிறையத் தெரியும். எடை போட்டார்களா, போட்ட எடையை எழுதினார்களா என்பதை முதலில் பாருங்கள். பூச்சி மாத்திரை முதல் மயக்க மருந்து வரை எல்லாம் கிலோவுக்கு இவ்வளவு என்ற கணக்குதான். கண்ணளவில் "இருபது கிலோ இருக்கும்" என்று எழுதுபவரிடம் அளவு தவறும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாரா, ஈறு, காது, நெஞ்சு, வயிறு தொட்டுப் பார்த்தாரா? மேஜையைத் தாண்டி வராமலே மருந்து எழுதினாரா? நாய் நடுங்கும்போது அதட்டினாரா, காத்திருந்தாரா?

பிறகு நான்கு கேள்விகள். ராத்திரி என்றால் யாரைக் கூப்பிட வேண்டும்? மைக்ராஸ்கோப் இங்கே இருக்கிறதா, ரத்தத்தை வெளியே அனுப்புவீர்களா? பாம்புக்கடி மருந்து இருப்பு உண்டா, இல்லையென்றால் பக்கத்தில் எங்கே? பெண் நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து, தையல், அடுத்த மூன்று நாள் ஊசி எல்லாம் சேர்த்து எவ்வளவு? "சேர்த்து" என்ற சொல்லை விடாதீர்கள். ஆபரேஷனுக்கு மட்டும் ஒரு தொகை சொல்லி, குளுக்கோஸ், கழுத்துக் கூம்பு, ட்ரெஸ்ஸிங் என்று பின்னால் பில் நீளும் இடங்கள் உண்டு. கேள்விக்கு எரிச்சல்படுபவர் நள்ளிரவில் என்ன பதில் சொல்வார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வளர்ப்பவர்கள் இன்னொன்றும் கேட்கலாம். கொழுப்பு குறைந்த வேட்டை நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் தெளிய அதிக நேரம் ஆகும். கிரேஹவுண்டில் தயோபென்டோன் அப்படித்தான். இதைச் சொன்னவுடன் டாக்டர் எந்த மருந்து போடப்போகிறார் என்று விளக்கினால் நல்ல அறிகுறி.

பணம் எங்கே ஒழுகுகிறது

தடுப்பூசியைப் பாதியில் நிறுத்துவதுதான் பெரிய ஓட்டை. டிஸ்டெம்பர், பார்வோ என்ற வைரஸ் நோய்களுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை போக வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தை அதுவே முறித்துவிடும். அது எந்த வாரம் தீரும் என்று வெளியே தெரியாது. அதனால்தான் கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ விழவேண்டும். "ரெண்டு ஊசி போட்டாச்சு" என்று பத்தாவது வாரத்தில் நிறுத்திய குட்டிக்கும் பார்வோ வரும். வந்தால் நாலைந்து நாளாவது குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். அந்த பில்லில் ஏழெட்டு வருஷத்து ஊசி போட்டுவிடலாம், குட்டி பிழைக்கும் என்ற உறுதியும் இல்லை. வெறிநோய் ஊசி 3 மாதம் முடிந்தபின், பிறகு ஆண்டுக்கு ஒன்று.

மருந்துக் குப்பி ஃப்ரிட்ஜிலிருந்து உங்கள் கண் முன்னால் வரவேண்டும். 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டிய பொருள் அது. குப்பியின் ஸ்டிக்கரை ஊசிப் புத்தகத்தில் ஒட்டி, தேதி, கையெழுத்து, பதிவு எண் போடச் சொல்லுங்கள். சென்னை மாநகராட்சியில் நாய் வளர்ப்பதற்கான உரிமத்துக்கு வெறிநோய் ஊசிச் சான்று கேட்கிறார்கள். ஆண்டுதோறும் கூட்டு ஊசி வேண்டுமா என்றும் பேசலாம். டிஸ்டெம்பர், பார்வோவுக்கு வளர்ந்த நாயில் 3 ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் தேவையில்லை என்பது உலகச் சிறுபிராணி மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டல். எலிக்காய்ச்சல் பகுதிதான் ஆண்டுக்கு ஒன்று வேண்டும். மழைநீர் தேங்கும் நம் ஊர்களில் அதை விடக் கூடாது.

அடுத்தது உண்ணி. உண்ணிக் காய்ச்சல் இங்கே நாய்களுக்கு அடிக்கடி வருவது. காய்ச்சல், சாப்பிட மறுப்பது, வெளுத்த ஈறு, சிலவேளை மூக்கில் ரத்தம். உண்ணி பரப்பிய கிருமி எர்லிக்கியாவா பபீசியாவா என்று ரத்தம் பார்த்துச் சொல்ல வேண்டும், மருந்து வேறு வேறு. எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் எழுதினால் வழக்கமாக 28 நாள். ஐந்தாம் நாள் நாய் சாப்பிடத் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்துவார்கள், மாதம் கழித்து ஈறு வெளுத்துத் திரும்ப வரும், இந்த முறை ரத்தம் ஏற்றும் செலவோடு. நாயின் மேல் இருக்கும் உண்ணி கொஞ்சம்தான், மீதி சுவர் விரிசலிலும் கதவு நிலையிலும் இருக்கிறது. நாய்க்கு மாத்திரை, சுவருக்குச் சிமெண்ட், இரண்டும் சேர்ந்தால்தான் தீரும். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை அளவு தெரியாமல் ஊற்றாதீர்கள். பெர்மெத்ரின் கலந்தது வீட்டுப் பூனையைக் கொன்றுவிடும்.

அரிப்புக்கு ஒரே ஊசி போடும் டாக்டர்கள் பிரபலம். மறுநாளே நாய் சொறிவதை நிறுத்திவிடும், கைராசிக்காரர் என்று பெயர் வாங்கிவிடுவார். பெரும்பாலும் அது ஸ்டீராய்டு. சொறிப்பூச்சியோ பூஞ்சையோ அப்படியே இருக்கும், மூன்று வாரத்தில் மறுபடி ஊசி. தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்கு ஆகும் செலவு அந்த மூன்றாவது ஊசியைவிடக் குறைவு. என்ன ஊசி போட்டீர்கள் என்று கேட்டு, பெயரைப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். இதைத் தயங்காமல் செய்பவரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு, தீட்டு முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் தண்ணீர் நிறையக் குடித்து, சோர்ந்து, பின்பக்கம் சீழ் வடிந்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். சீழ் வெளியே வராமலும் இது நடக்கும். அன்றே ஆபரேஷன், உயிருக்கும் ஆபத்து. அதே கர்ப்பப்பையை இளம் வயதில், நாள் குறித்து எடுப்பதற்கு இதில் ஒரு பங்குதான் ஆகும்.

தயிர்சாதம் மட்டும் போட்டு வளர்த்த குட்டியின் கால் வளையும். அதைப் பார்த்துக் கால்சியம் டானிக் வாங்குவார்கள், பெரிய இனக் குட்டிக்கு அது அதிகமானாலும் எலும்பு கெடும். கோழி, முட்டை சேர்ந்த சாப்பாட்டை டாக்டரிடம் அளவு கேட்டுப் போடுவது டானிக்கைவிட மலிவு.

பில்லைப் பற்றிப் பேசுவது

பெரிய தொகை சொன்னால், "இதில் இன்றைக்கே செய்ய வேண்டியது எது, இரண்டு நாள் பொறுக்கக்கூடியது எது?" என்று கேளுங்கள். பரிசோதனைக்கு: "முடிவைப் பொறுத்து மருந்து மாறுமா?" மாறாது என்றால் அந்தப் பரிசோதனையைத் தள்ளிவைக்கலாம். பட்ஜெட்டை முதலிலேயே சொல்லிவிடுவது வெட்கப்படும் விஷயம் இல்லை. அதற்கேற்ற வழி பெரும்பாலும் உண்டு, தெரியாமல் டாக்டரால் அதைச் சொல்ல முடியாது.

பல மருந்துகள் மனிதருக்கும் நாய்க்கும் ஒன்றே. பிராண்ட் பெயருக்குப் பதில் மருந்தின் பெயரை எழுதச் சொன்னால் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ குறைந்த விலையில் கிடைக்கலாம். ஆனால் இது டாக்டர் எழுதிய மருந்துக்கு மட்டும். வீட்டு அலமாரியில் இருக்கும் பாராசிட்டமால் பூனையைக் கொல்லும். டைகுளோஃபினாக், ஐபுபுரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். குழந்தைகளுக்கான இனிப்பு சிரப்பில் சைலிட்டால் இருந்தால் நாய்க்கு விஷம்.

ராத்திரியில் ஓட வேண்டுமா?

ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் நாய்க்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நாயின் இயல்பான சூடு 100 முதல் 102.5 ஃபாரன்ஹீட். 101 பார்த்துப் பதறி ஓடும் வீடுகள் நிறைய. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் 2 விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். இவை சரியாக இருந்து, ஒருமுறை வாந்தி எடுத்து, தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் வளர்ந்த நாய் காலைவரை பொறுக்கும்.

பொறுக்காதவை: பெரிய நாயின் வயிறு உப்பி வாந்தி வராமல் ஓங்கரிப்பது, ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வராதது, பாம்புக்கடி, வலிப்பு நிற்காதது, வெயிலில் மூச்சிரைத்துச் சாய்வது (சாதாரணத் தண்ணீர் ஊற்றி, காற்று படவைத்துக்கொண்டே வண்டியில் ஏற்றுங்கள்), குட்டிக்கு ரத்தப்போக்கு. பக், புல்டாக் வாங்க நினைப்பவர்கள் சென்னை மே மாதத்தையும் அதன் ஏசி பில்லையும் வைத்தியச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக் கணக்கு

20 கிலோ நாய் என்று வையுங்கள். பத்து கிலோவுக்கு ஒன்று என்ற வகைப் பூச்சி மாத்திரை, 3 மாதத்துக்கு ஒருமுறை: ஆண்டுக்கு 8. உண்ணி மாத்திரை 12 வாரம் நிற்கும் வகை என்றால் 4 அல்லது 5, மாத வகை என்றால் 12. மாதக் கணக்கில் எது குறைவு என்று வகுத்துப் பாருங்கள், பெரிய நாயின் மாத்திரையை உடைத்துப் பங்கு போடாதீர்கள். கூட்டு ஊசி (அது வேண்டாத ஆண்டில் எலிக்காய்ச்சல் ஊசி) 1, வெறிநோய் 1, டாக்டர் கட்டணம் 2 அல்லது 3. உங்கள் ஊர் விலையைப் போட்டு 12-ஆல் வகுத்தால் மாதத் தொகை. அவசரத்துக்குத் தனியாக: கர்ப்பப்பை ஆபரேஷன் ராத்திரியில் என்றால் எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு, அந்தத் தொகை சேரும்வரை மாதம் கொஞ்சம் போடுங்கள். ஆண் நாய் என்றாலும் இலக்குத் தொகைக்கு அதுவே போதும்.

நாய்க் காப்பீடு அரசு நிறுவனத்திலும் தனியாரிலும் உண்டு. எடுக்குமுன் வயது வரம்பு, காத்திருப்புக் காலம், ஏற்கெனவே இருந்த நோய், மைக்ரோசிப் தேவையா, சொந்தப் பங்கு எவ்வளவு என்று படியுங்கள். வழக்கமான தடுப்பூசிச் செலவைப் பொதுவாக அதில் எதிர்பார்க்க முடியாது. ஆறேழு வயதுக்குமேல் புதிதாக எடுப்பது கடினமாகும்.

டாக்டரை மாற்றும்போது பழைய சீட்டு, ரத்த ரிப்போர்ட், ஊசிப் புத்தகம், கொடுத்த மருந்தின் அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். போனிலும் படம் எடுத்து வையுங்கள். வலிப்பு, இருமல், நொண்டல் போன்றவை டாக்டர் மேஜையில் ஏறியதும் காணாமல் போகும் வழக்கம் கொண்டவை. வீட்டில் எடுத்த அரை நிமிட வீடியோ ஒரு பரிசோதனைச் செலவை மிச்சப்படுத்தும்.