நுரை தள்ளாத பழைய ஸ்கிம்மர்

கும்பகோணத்தில் கடல் பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி வைக்க ஆசை, புதுசாக வாங்கக் காசில்லை. தஞ்சாவூரில் ஒருவர் மூன்றடித் தொட்டியையும், தண்ணீரில் உள்ள அழுக்கை நுரையாக்கிக் கோப்பையில் தள்ளும் ஸ்கிம்மரையும் பாதி விலைக்குத் தந்தார்.

"மீனுக்கு நோய் வந்தப்ப தாமிர மருந்து ஊத்தினீங்களாண்ணே?" என்றுதான் முதலில் கேட்டேன். தாமிரம் கல்லிலும், கண்ணாடியை ஒட்டும் சிலிக்கான் பசையிலும் தங்கிவிட்டால் அப்புறம் இறாலும் பவளமும் பிழைப்பது கஷ்டம். இல்லை என்றார். ஆனாலும் உப்புநீர் நிரப்பி, இரண்டு நாள் கழித்து டெஸ்ட் கிட்டில் பார்த்தேன். சுத்தம்.

ஸ்கிம்மர் ஓடியது, நுரைதான் வரவில்லை. மோட்டாரைக் கழற்றினால் உள்ளே சுழலும் இம்பெல்லர் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு, வெந்நீர்ப் பானையின் அடி மாதிரி. பாதி வினிகர், பாதி தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தேன். அப்படியும் நுரை சோனிதான். கடைசியில் பார்த்தால், காற்று இழுக்கும் மெல்லிய குழாயின் வாயை உப்பு அடைத்திருந்தது! வெந்நீர் விட்டதும் கரைந்துவிட்டது. இப்போது கோப்பையில் டிகிரி காபி நிறத்தில் அழுக்கு சேர்கிறது.

ஹீட்டரை மட்டும் வாங்கவில்லை. பழையதில் சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் மீன் வெந்துவிடும். நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு? தண்ணீரைக் குளிர்விக்க இரண்டு சின்ன ஃபேன் ஓடுகிறது.