ஈறு நோயும் கொலஸ்ட்ராலும்: ஜூனியர்கள் சறுக்கும் இடங்கள்

பயிற்சிக்கு வரும் இளம் பல் மருத்துவர்களின் கேஸ் ஷீட்டைப் புரட்டினால், எங்கள் செட் அந்த வயதில் செய்த அதே தப்புகள் வரிசையாக இருக்கின்றன. சுகர் கேட்காமல் விடுவது, புகைப்பழக்கத்தைக் குறிக்காமல் விடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை பேராசிரியரிடம் திட்டு வாங்கினாலே சரியாகிவிடும்.

க்ளீனிங் செய்தால் கொலஸ்ட்ரால் இறங்கும் என்று வாக்குக் கொடுப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த ஒருவர் கீழ்ப்பல் ஆடுகிறது என்று வந்தார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், "கொழுப்பு மாத்திரையை நிறுத்திட்டேன் டாக்டர். பல்லைச் சுத்தம் பண்ணிட்டா கொழுப்பு தானா இறங்கிடும்னு போன க்ளினிக்ல சொன்னாங்க" என்கிறார். நிறுத்துங்கள் என்று அங்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நாம் பாதி சொன்னால் மீதியை நோயாளியே முடித்துக்கொள்வார். அவருக்கு ஸ்டாட்டின் என்ற அந்தக் கொழுப்பு மாத்திரையைக் கொடுப்பது ரிப்போர்ட்டில் எண்ணைக் குறைக்க மட்டுமா? ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பு உடைந்து அடைப்பாகாமல் காப்பதும் அதுதான். அன்றே அவரை இதய மருத்துவரிடம் அனுப்பினேன்.

தொடர்பே இல்லை என்று சொல்லவில்லை. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உண்டாகும் ஈறுப்பையில் கிருமி தங்கி அழற்சி நீடித்தால் இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் கலக்கின்றன. அதனால் கல்லீரல் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பை அதிகம் வெளியே விடுகிறது, அதை உடைக்கும் நொதி மந்தமாகிறது, நல்ல கொழுப்பான எச்டிஎல் இறங்குகிறது. சரி, ஈறு ஆறினால் கொழுப்பும் ஆறுமா? சிகிச்சைக்குப் பின், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி இறங்குவது ஓரளவு தெளிவு. கெட்ட கொழுப்பான எல்டிஎல்லில் தெரியும் மாற்றமோ சிறியது, ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. சுகர், புகை, பருமன் மூன்றும் ஈறையும் கொழுப்பையும் சேர்த்தே கெடுப்பதால், எது எதனால் வந்தது என்று பிரிப்பதும் சிரமம். அமெரிக்க இதயச் சங்கத்தின் 2012 அறிக்கையும் தொடர்பை ஒப்புக்கொண்டது. ஆனால் ஈறு சிகிச்சை இதய நோயைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்றது.

எனவே நோயாளியிடம் இப்படிச் சொல்லுங்கள்: "இது ஈறுக்கான சிகிச்சைங்க. கொழுப்பு மாத்திரையை உங்க ஹார்ட் டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க." வாயால் சொன்னது போதாது, சீட்டிலும் எழுதுங்கள்.

ஸ்கேலிங் (பல் க்ளீனிங்) முடிந்த கையோடு லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) டெஸ்ட்டுக்கு அனுப்புவது

ஆழமாகச் சுத்தம் செய்த மறுநாள் உடலில் அழற்சி ஏறித்தான் இருக்கும். டொனெட்டி என்ற ஆய்வாளரின் குழு 2007இல் இதைக் காட்டியது. அதே நோயாளிகளுக்கு ஆறு மாதத்தில் ரத்தக்குழாயின் செயல்பாடு மேம்பட்டிருந்தது. ஆகவே சில வாரம் பொறுங்கள். அப்புறம், ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டியிருந்தால், மற்ற கொழுப்பு எண்களை வைத்துக் கணக்குப் போட்டு எழுதிய எல்டிஎல்லை நம்பாதீர்கள். நேரடியாக அளந்து தரச் சொல்லுங்கள்.

கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எழுதுவது

சிம்வாஸ்டாட்டின், அடார்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின்களைச் சாப்பிடுபவருக்கு வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கலாம்.

ஈறு வீக்கத்துக்கெல்லாம் கிருமியைக் குறைசொல்வது

பிரஷருக்கு அம்லோடிபின் போகிறதா என்று பாருங்கள். அந்த மாத்திரையாலும் ஈறு வீங்கலாம்.

ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்வது

ஸ்கேலிங்குக்காகவா? கூடாது.

கொலஸ்ட்ராலை வைத்து கிரேடு ஏற்றுவது

2018இல் வெளியான ஈறு நோய் வகைப்பாட்டில் கிரேடை (நோய் எவ்வளவு வேகமாக முற்றும் என்ற தரத்தை) மாற்றும் காரணிகள் புகையும் சர்க்கரை நோயும்தான். லிப்பிட் அதில் இல்லை.